ஒரு பேடு மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

காரின் முன்சக்கரத்தைக் கழற்றினால், டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு பிரேக் பேடு இருக்கும். இரண்டும் ஒரே நாளில் போட்டவை. ஒரே டிஸ்க்கைப் பிடித்தவை. ஆனாலும் சில சமயம் உள்பக்கப் பேடு இரும்புத் தகடு வரைக்கும் தேய்ந்திருக்கும். வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். புதுசு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுபவர்களே அதிகம். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதுப் பேடும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

நாம் ஓட்டும் சிறிய கார்களில் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பெரும்பாலும் மிதக்கும் வகைதான். பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே உண்டு. மிதியை அழுத்தியதும் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ள, உள்பேடு டிஸ்க்கில் முட்டுகிறது. அதன் எதிர்விசையில் காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்கள்மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பேடையும் இழுத்துப் பதிக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி வேலை செய்யும் இடம் இது.

பின்னை மூடிய ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால், கிரீஸ் காய்ந்து துரு ஏறும். காலிப்பர் நகராது, உள்பேடே பாரம் சுமந்து தேயும். நகர்ந்த காலிப்பர் திரும்ப முடியாமல் சிக்கினால் வெளிப்பேடு உரசிக்கொண்டே இருக்கும். ஒரு பின் ஓடி மற்றொன்று இறுகினால் பேடு ஆப்பு வடிவில் சரிந்து தேயும்.

பிஸ்டனும் கோளாறு செய்யலாம். அதைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. சுற்றியுள்ள ரப்பர் சீல் அழுத்தத்தில் சற்றே வளைந்து, அழுத்தம் நீங்கியதும் நிமிர்கிறது. அந்த நிமிர்வில்தான் பிஸ்டன் மயிரிழை அளவு பின்வாங்குகிறது. பிஸ்டனில் துரு ஏறினால் அந்த மயிரிழை இடைவெளியும் கிடைக்காது.

இடது, வலது முன்சக்கரங்களுக்கு இடையே வித்தியாசம் இருந்தால் காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ஹோஸையும் சந்தேகிக்க வேண்டும். பாஸ்கல் விதிப்படி இரண்டுக்கும் ஒரே அழுத்தம் போகிறது. ஆனால் உள்ளே சிதைந்த ஹோஸ், போன ஆயிலைத் திரும்ப விடாது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் செய்யும் சோதனை எளிது: சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டுவிட்டுக் கையால் சுற்றுவார். சுற்றாவிட்டால் காலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளைத் தளர்த்துவார். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. ஹோஸை மாற்ற வேண்டும். அப்போதும் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டன் அல்லது பின்.

உரசிக்கொண்டே ஓடும் பேடு மைலேஜைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் தர நிர்ணயம் கேட்பது 140 டிகிரி மட்டுமே. இடைவிடாத உரசலின் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

சத்தம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பதும் ஆபத்து. பேடு தேய்ந்ததும் கீச்சிடும் எச்சரிக்கைத் தகடு, பல கார்களில் ஒரு பேடில் மட்டுமே இருக்கிறது. தேய்ந்தது மற்றது என்றால் சத்தமே வராது. அதனால் பேடு மாற்றும்போது பழைய நான்கையும் வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பின்களைக் கழற்றித் துடைத்து, ரப்பரை ஊதவைக்காத சிலிக்கான் கிரீஸ் தடவினார்களா என்றும் கேளுங்கள். அடுத்த செட் பேடு எத்தனை நாள் உழைக்கும் என்பதை அந்தப் பத்து நிமிட வேலைதான் தீர்மானிக்கிறது.