சாவியை அணைத்தும் நிற்காத டீசல் எஞ்சின்

பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் நேயர் ஒருவர் நமது கலந்துரையாடலில் ஒரு கேள்வி கேட்டார். சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் நிற்காமல், வேகம் ஏறிக்கொண்டே போனால் என்ன செய்வது என்பதுதான் அது. போர்ட்டிக்சன் படகுத்துறையில் பாய்மரப் படகு வைத்திருப்போருக்கும் இதே கவலை உண்டு. காற்று வீசாத நேரத்தில் அந்தப் படகுகளை நகர்த்துவதும் ஒரு சிறிய டீசல் எஞ்சின்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்வோம். டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. உள்ளே வரும் காற்று பலமாக அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு டீசல் போகிறதோ அவ்வளவு வேகம். சாவியை அணைத்தால் டீசல் நிற்கும், எஞ்சினும் நிற்கும்.

ஆனால், காற்று வரும் வழியிலேயே வேறு எண்ணெய் புகுந்துவிட்டால்? எஞ்சின் அதையும் எரித்து ஓடும். வேகம் கூடக் கூட இன்னும் அதிகமாக உறிஞ்சும். அந்த எண்ணெய்க்குச் சாவியும் தெரியாது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் தெரியாது.

எண்ணெய் எப்படிப் புகுகிறது? டர்போவின் அடைப்பு தேய்ந்து கசியலாம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எண்ணெய்ப் புகை மூச்சுக் குழாய் வழியே திரும்பி வரலாம். பழைய டிராக்டர்களில் காற்று வடிகட்டிக்குள்ளேயே எண்ணெய் ஊற்றுவார்கள். கோட்டைத் தாண்டி ஊற்றினால் அதுவும் இழுக்கப்படும். டீசல் பம்ப் கசிந்து எஞ்சின் எண்ணெயில் கலந்து, அளவை உயர்த்துவதும் உண்டு.

காற்றில் கலந்த எரிவாயுவும் போதும். 2005 மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் எரியக்கூடிய ஆவி கசிந்து பரவியது. அருகில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் வண்டி அதை உறிஞ்சி வெறிபிடித்தது போல் வேகமெடுத்தது. அந்த வண்டியிலிருந்தே தீ பற்றியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. வெடிப்பில் 15 பேர் இறந்தனர், 180 பேர் காயமுற்றனர். போர்ட்டிக்சனிலும் எண்ணெய் ஆலைகள் இருப்பதால் இது நமக்கு அந்நியமான செய்தியல்ல.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? சாவியை அணையுங்கள், நிறுத்தும் கம்பியை இழுங்கள். டீசல் பம்பில் மட்டும் கோளாறு என்றால் அதிலேயே நின்றுவிடக்கூடும். நிற்காவிட்டால் காற்றை அடைக்க வேண்டும். காற்று இழுக்கும் வாயைவிடப் பெரிய, தடித்த பலகையால் முழுவதும் மூடுங்கள். கையை வைக்கவே கூடாது. இழுவிசை அவ்வளவு பலமானது. துணியை வைத்தால் உள்ளே போய்விடும். கரியமில வாயு தீயணைப்பான் இருந்தால் அந்த வாயினுள் அடிக்கலாம். படகின் மூடிய அறைக்குள் அடிப்பதாக இருந்தால் முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும். அந்த வாயு மூச்சை அடைத்துவிடும்.

ஓட்டுநர் இருக்கையில் இருக்கும்போதே, கிளட்ச் உள்ள டிராக்டர் வெறிகொண்டால், முன்னால் ஆள் இல்லை என்று பார்த்து, பிரேக்கை முழுக்க மிதித்து, உயர்ந்த கியர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிடும்.

நெருங்க முடியாத நிலை என்றால் விலகி ஓடுங்கள். எஞ்சின் உடைந்து, இரும்புத் துண்டுகள் பறக்கக்கூடும். டிராக்டர் தோட்டத்தின் சொத்து. உயிர் உங்கள் குடும்பத்தின் சொத்து. எஞ்சினைக் காப்பாற்றவில்லை என்று எந்த நிர்வாகமும் தொழிலாளியைக் குறை சொல்லக் கூடாது.

நின்ற பிறகு, காரணம் தெரியாமல் மறுபடியும் முடுக்காதீர்கள். மெக்கானிக் டர்போ, மூச்சுக் குழாய், காற்றுக் குழாய் ஆகியவற்றைப் பார்க்கட்டும்.

காலையில் பெரட்டு முடிந்து வண்டியை எடுக்கும் முன் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ஊற்றாமலே எண்ணெய் கூடியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ, அன்றைக்கு அந்த வண்டி பட்டறைக்குத்தான் போக வேண்டும்.