பள்ளிக்கூடம் ரெடி... பாட்டிக்கு?

பள்ளிக்கூடம் திறக்கக் கூப்பிட்டால் எந்த அரசியல்வாதியும் ரெடி. ரிப்பன், சால்வை, போட்டோ எல்லாம் உண்டு. "முதியோர் இல்லம் திறக்கணும், வர்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்குப் பார்த்து அவருக்கு வேறு கல்யாணம் இருக்கும்! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'எங்க ஊருக்கு முதியோர் இல்லம் வந்தாச்சு' என்று எந்த ஊரும் வெடி போட்டுக் கொண்டாடுவதில்லை.

ஆனால், முதல் கட்டடம் வந்தால் இரண்டாவதின் தேவையும் பின்னாலேயே வந்துவிடுகிறது. கம்பம் பக்கத்துச் சுருளிப்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அருவிக்குப் போகிற வழியெல்லாம் பன்னீர் திராட்சைப் பந்தல். கொடி கட்ட, கவாத்து பண்ண, கொத்து வெட்ட ஆள் வேண்டும். படித்த பையனோ திருப்பூர், சென்னை, பெங்களூர் என்று கிளம்பிவிடுகிறான். பள்ளிக்கூடம் அவனை வகுப்பு ஏற்றியது. கடைசியில் பஸ்ஸும் ஏற்றிவிட்டது. திண்ணையில் மிச்சம் அப்பாவும் அம்மாவும்.

இந்த இரண்டு பக்கத்தையும் பார்த்தவர் காமராஜர். 1954-ல் முதல்வரானார். மூடிக்கிடந்த கிராமப் பள்ளிகள் திறந்தன. 1956-ல் மதிய உணவு வந்தது. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊர்க்காரர்களே நிலம், பெஞ்ச், கரும்பலகை கொடுத்தார்கள். இதெல்லாம் நமக்கு மனப்பாடம்.

மறந்துபோனது இன்னொன்று. அதே ஆட்சியில்தான், 1962-ல், ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் ஆரம்பித்தது. 2023-ல் அது 1,200 ரூபாய் ஆனது.

"ஆனா சார், அவரும் அம்மாவை விருதுநகர்லதானே விட்டு வெச்சார்?" என்று மடக்குவீர்கள். நிஜம்தான். சிவகாமி அம்மாள் அந்தச் சின்ன வீட்டிலேயே இருந்தார். மாதம் 120 ரூபாய் போகும் என்பார்கள். முதல்வரின் அம்மா என்கிற சலுகை எதுவும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது அவர் கவலை. நம் கவலை ஒற்றை பெட்ரூம் வாடகை!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும்படி, அரசு அமைக்கலாம் என்கிறது. கவனியுங்கள்... 'அமைக்கலாம்'. 'அமைத்தே தீர வேண்டும்' இல்லை. பிள்ளை கவனிக்காவிட்டால் பெற்றோர் மனுக் கொடுக்கலாம். சுருளிப்பட்டிக்காரருக்கு அது உத்தமபாளையம் ஆர்.டி.ஓ. ஆபீஸ். பெற்ற பிள்ளை மேல் மனு எழுத எந்த அம்மாவுக்குக் கை வரும்?

ஜெயலலிதா ஆட்சியில் ஒரு நல்ல யோசனை வந்தது. 25 முதியவர்கள், 25 ஆதரவற்ற குழந்தைகள், ஒரே வளாகம். குழந்தைக்குக் கதை சொல்லப் பாட்டி. பாட்டிக்குக் கண்ணாடி தேடிக் கொடுக்கப் பேரன். ரத்த சம்பந்தம் இல்லாவிட்டால் என்ன?

பெரிய தலைவர்தான் வர வேண்டும் என்பதில்லை. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் பஞ்சாயத்துகளுக்கு ஒதுக்கக்கூடியவை என்று 29 துறைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடம், கிராம வீட்டு வசதி, சமூக நலம் மூன்றும் அதில் உண்டு.

ஆகவே இளைஞரே, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது லீவைக் கொஞ்சம் நீட்டுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: "நம்ம ஊர்ல தனியா இருக்கிற வயசானவங்க எத்தனை பேர் தலைவரே? அதுல எத்தனை பேருக்குப் பணம் வருது? முடியாமப் போனா அவங்க எங்கே தங்குவாங்க?"

தலைவர் முழிக்கலாம். பதிலுக்கு, "உங்க அம்மா யார்கூட இருக்காங்க தம்பி?" என்றும் கேட்கலாம்.

நீங்கள் முழிக்காமல் இருந்தால் சரி.