உஷார்! கேரவன் நின்ற பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது

பிள்ளைகளின் விடுமுறைக்குக் கேரவன் எடுத்துக்கொண்டு மூணாறு, வாகமண், கொடைக்கானல் என்று கிளம்பப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எத்தனை பேர் படுக்கலாம், டி.வி. உண்டா, கழிப்பறை சுத்தமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ராத்திரி ஏ.சி. எதில் ஓடும் என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்!

2024 டிசம்பர். கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் படிக்கட்டு அருகே, இன்னொருவர் உள்ளே. ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டு ஓய்வெடுத்திருக்கிறார்கள். அதன் புகை வண்டியின் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியைச் சோதித்தபோது, இரண்டு மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு 957 பி.பி.எம். வரை ஏறியது. இறந்தவர்கள் அந்த வண்டியில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கே தெரியவில்லை என்றால், இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கும் நமக்கு எப்படித் தெரியும்?

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல். மலையேறி வந்த குடும்பத்தில் யாராவது இப்படிச் சொன்னால் என்ன செய்வோம்? 'கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கல, கொஞ்சம் படுத்துக்கோ' என்போம். எனக்குப் பெரிய பயமே இதுதான். எந்த இடத்தை விட்டு ஓட வேண்டுமோ, அங்கேயே பிள்ளையைப் படுக்க வைத்துக் கதவையும் சாத்திவிடுவோம்.

அதனால், தங்கும் இடத்தில் கரன்ட் இணைப்பு எடுத்துக்கொள்ளும் வசதி உள்ள வண்டியாகத் தேடுங்கள். அல்லது ஏ.சி. பேட்டரியில் ஓட வேண்டும். கொடைக்கானல் குளிரில் ஏ.சி.யே எதற்கு? ஜெனரேட்டர் இருக்கிற வண்டிதான் கிடைக்கிறது என்றால், பகலில் வண்டியை நேரில் போய்ப் பாருங்கள். புகைக்குழாய் எங்கே முடிகிறது? வண்டியின் அடியிலோ ஜன்னலுக்குக் கீழேயோ முடிந்தால் வேண்டாம். வயர் போகும் ஓட்டைகளைச் சரியாக அடைத்திருக்கிறார்களா என்று தரையைக் குனிந்து பாருங்கள். கூச்சப்படாதீர்கள். படுக்கைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். பட்டனை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கி எடுத்துப் போங்கள். எது எப்படி இருந்தாலும், தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடவே கூடாது. பக்கத்தில் நிற்கும் வண்டியின் ஜெனரேட்டரும் இதே வேலையைச் செய்யும்.

குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைப்பதும் இதே சாவுதான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் அறைக்குள் வைத்த பார்பிக்யூ அடுப்பின் புகையால் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். கேஸ் சிலிண்டர் விஷயமும் சாதாரணமில்லை. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்ததை மறக்க முடியுமா? ரகசியமாகக் கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம். சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆர்.சி. புத்தகம். வண்டி கேரவன் என்றே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தர விதி இருக்கிறது. ஆனால் பழைய டெம்போ டிராவலரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றி, கூரையில் ஏ.சி. மாட்டினால் அதுவும் கேரவன் என்றுதான் வாடகைக்கு வரும். அனுமதி இல்லாத மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதம். சொந்த உபயோகத்துக்கு மட்டும் பதிவான ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கேட்டு அலைய வேண்டிவரும். தொட்டியின் பாரத்தையும் கணக்குப் பாருங்கள்: நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. மலை இறக்கத்தில் அந்தப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். வண்டி ஓடும்போது பிள்ளைகள் கட்டிலில் படுக்கக் கூடாது. ஆளுக்கொரு பெல்ட் உள்ள சீட் இல்லையென்றால் அந்த வண்டி உங்கள் குடும்பத்துக்குப் பத்தாது.

இவ்வளவு பார்த்தும் ராத்திரி ஒருவருக்கு மேல் தலைவலி என்றாலோ, குழந்தையை எழுப்பினாலும் எழவில்லை என்றாலோ, காரணம் யோசிக்காதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், 108-க்கு அடியுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். இந்த விஷவாயு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமாகவே காட்டும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.