வலி வரும்வரை காத்திராதீர்

மார்பில் தட்டுப்படும் கட்டி வலிக்கவில்லை என்பதால் பலர் வெளியில் சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. புதிய கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவரைக் காணுங்கள். கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும் அதை மருத்துவரே உறுதிசெய்ய வேண்டும்.

அறிகுறி இல்லாதவர்க்கும் பரிசோதனை தேவை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கைகளால் மார்பைப் பரிசோதித்தனர். 50 வயதைக் கடந்தோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

துடியலூர் வட்டாரப் பெண்கள் 30 வயது முதல் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். சில நிமிடங்களே ஆகும். கூச்சமுள்ளோருக்குக் குடும்பத்தார் துணை செல்லுங்கள்.