மரமேறும் கங்காருவும் முயல் கூண்டும்

(வானொலிப் பேச்சு)



கங்காருன்னு சொன்னதும் ஆஸ்திரேலியாவின் வெட்டவெளியில் தாவித் தாவி ஓடுகிற பிராணிதான் நம் ஞாபகத்துக்கு வரும். மரத்திலேயே குடியிருக்கிற கங்காருவும் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கிலும், அதற்கு வடக்கே உள்ள நியூகினித் தீவிலும்தான் இது வாழ்கிறது.

இதன் முன்னங்கால்கள் நல்ல பலமானவை. நகம் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். பின்பாதம் அகலமாக, அடியில் சொரசொரப்பாக இருப்பதால் பாசி பிடித்த கிளையிலும் வழுக்காது. நீண்ட வால், கிளைமேல் சாயாமல் நிற்க உதவும். மரத்திலிருந்து இறங்கும்போது, பனையேறுகிறவர் இறங்குவது போலப் பின்பக்கமாகவே இறங்கும். இலை, தழை, பழம், பெரணி இவைதான் தீனி.

ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. பிறக்கும்போது அவரை விதை அளவுதான் இருக்கும். பிறகு தாயின் வயிற்றுப் பையில் பல மாதம் பால் குடித்து வளர வேண்டும். இப்படி மெதுவாகப் பெருகுகிற பிராணியை வேகமாக வேட்டையாடினால் என்ன ஆகும்? விதைநெல்லைக் குத்திச் சோறாக்கின கதைதான்.

பாப்புவா நியூகினி நாட்டின் வடமேற்கில் டொரிசெல்லி மலைத்தொடர் இருக்கிறது. அங்குள்ள ஒரு இனத்துக்கு ஊர் ஜனங்கள் வைத்த பெயர் டெங்கிலே. கறுத்த மயிர், சுமார் 10 கிலோ எடை. 2001-ஆம் வருஷ வாக்கில் மொத்தமே 100 டெங்கிலேதான் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

"வேட்டைக்குத் தடை போட்டால் போச்சு" என்று நீங்கள் சொல்லலாம். அது அவ்வளவு சுலபம் இல்லைங்க. அங்கே காடு சர்க்காருக்குச் சொந்தமில்லை, அந்தந்தக் குலத்தாருக்குச் சொந்தம். தோட்டத்தில் கிழங்கு விளையும். கறிக்குக் காட்டைத்தான் நம்பியிருந்தார்கள். பிள்ளைகளின் தட்டில் கறி இல்லாமல் செய்துவிட்டு, காட்டைக் காப்பாற்று என்றால் யார் கேட்பார்கள்?

இதை உணர்ந்துதான் 2001-இல் அமைந்த டெங்கிலே பாதுகாப்புக் கூட்டமைப்பு இரண்டு வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. டெங்கிலேயை வேட்டையாடுவதில்லை என்று ஊர்க்காரர்கள் தாங்களே கூடி ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஈடாக முயல், கோழி, மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். முயல் சினை பிடித்து 30, 31 நாளில் ஐந்தாறு குட்டி போடும். சில மாதத்தில் குட்டிகள் கறிக்குத் தயார். டெங்கிலேயோ அதே காலத்தில் ஒற்றைக் குட்டியைப் பையில் சுமந்துகொண்டிருக்கும். கறிக்கு எது தோது என்று விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது சுமார் 50 கிராமங்கள் இந்த முயற்சியில் சேர்ந்திருக்கின்றன. டெங்கிலேயின் எண்ணிக்கையும் 300-க்கு மேல் ஏறியதாகக் கூட்டமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஆனாலும் அழியும் ஆபத்து மிக அதிகமுள்ள பிராணிகளின் பட்டியலில்தான் அது இன்னும் இருக்கிறது. ஒரு நோய் வந்து கூண்டு காலியானால், கண் மறுபடி காட்டுப் பக்கம்தான் போகும். அதனால் முயல் கூண்டைச் சுத்தமாக வைத்து, தீனியைத் தவறாமல் போடுவதும் அங்கே காட்டைக் காக்கிற வேலைதான்.