ஓரறைப் பள்ளியும் ஒரே பந்தியும்

மலருக்குப் பழைய பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்று சங்கச் செயலாளர் சொன்னபோது, பாத்திரக்கடைக்காரனிடம் போய்க் கேட்கிறாரே என்று தயங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். ‘பள்ளி’ என்ற சொல்லே எங்கள் சமணத் துறவிகள் தங்கிய இடத்தைக் குறித்ததுதான். மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அதைக் காணலாம். துறவி தங்கிய இடத்தில் பாடம் நடந்தது; பிற்பாடு பாடம் நடக்கும் இடமெல்லாம் பள்ளியாயிற்று. ஆகவே எனக்கும் இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

பாலக்காடு ஜங்ஷனில், அதாவது ஒலவக்கோட்டில், நாம் எல்லோரும் ரயில் ஏறி இறங்குகிறோம். பக்கத்திலேயே அகத்தேத்தறையில் இருக்கும் சபரி ஆசிரமத்தை நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

கல்பாத்தித் தேர் என்றால் நமக்குப் பெருமை. அந்தத் தேர்த் திருவிழாவின்போதுதான் 1924இல் அக்கிரகாரத் தெருவுக்குள் வந்த ஈழவர்களை அடித்து விரட்டினார்கள். பொதுச் சாலையில் யாரும் நடக்கலாம் என்று சென்னை அரசாங்கம் அதே வருஷம் உத்தரவு போட்டிருந்தது. இதை எழுதினால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் டி.ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் செய்த காரியத்தின் கனம் அப்போதுதான் தெரியும். தமிழ்ப் பிராமணரான அவர் 1923இல் பாலக்காட்டில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுச் சமபந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சொந்த சாதியார் அவரை விலக்கி வைத்தார்கள். அவரும் மனைவி ஈசுவரி அம்மாளும் அந்த வருஷமே சபரி ஆசிரமத்தைத் தொடங்கி, தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகளையும் மற்ற சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாகத் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள்.

காந்தியடிகள் 1925, 1927, 1934 என்று மூன்று தடவை அங்கே வந்தார். அதனால் வருகிறவர்கள் ‘காந்தி தங்கிய இடம் எது?’ என்றுதான் கேட்கிறார்கள். எனக்குப் பாத்திரக்காரன் புத்தி. அந்தப் பிள்ளைகள் எந்த இடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், தட்டை யார் கழுவினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. பெரியவர் தங்கிய குடிலை மட்டும் காப்பாற்றிவிட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்த திண்ணையை விட்டுவிட்டால், கட்டடம் நிற்கும், சங்கதி போய்விடும். திருவனந்தபுரம் பக்கம் ஊரூட்டம்பலத்தில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையச் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துப்போய் வகுப்பில் உட்காரவைத்தார். அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் கருகிய பெஞ்சை இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். 2022இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டினார்கள். ஆயிரம் பக்கம் எழுதினாலும் அந்தக் கரிந்த பலகைக்கு ஈடாகாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஜூலியஸ் ரோசன்வால்ட் என்று ஒரு வியாபாரி, சியர்ஸ் ரோபக் கம்பெனியை நடத்தியவர். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பேச்சைக் கேட்டு, கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டப் பணம் கொடுத்தார். 1932 வரை பதினைந்து மாநிலங்களில் ஐயாயிரத்துக்கு மேல் கட்டடங்கள் எழுந்தன. ஓர் ஆசிரியர் நடத்தும் சின்னப் பள்ளிக்குக்கூட அச்சடித்த வரைபடம் இருந்தது. மின்சாரம் கிடையாது, ஆகவே பெரிய பெரிய ஜன்னல்கள். இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது கணக்குதான். ரோசன்வால்ட் நிதி கொடுத்தது ஏறத்தாழ 43 லட்சம் டாலர். கூலி வேலையும் குத்தகை விவசாயமும் செய்த கறுப்பின மக்கள் நிலமாக, மரமாக, உழைப்பாக, காசாகக் கொடுத்தது 47 லட்சம்! பெயர் பெரிய கையின் பெயர். கனம் சின்னக் கைகளின் கனம். 1954 தீர்ப்புக்குப் பின் தனிப் பள்ளிகள் மூடப்பட, பல இடிந்தன. 2002இல் அந்த நாட்டுத் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை, அழியும் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. பிறகு அங்கே படித்தவர்களே முன்வந்து பழுதுபார்த்த ஊர்கள் உண்டு.

நம் பக்கத்து மலைகளிலும் ஓரறைப் பள்ளிகள் இருந்தன. அட்டப்பாடியிலும் இடுக்கியிலும் ஊர்களை எட்ட முடியாத ஆதிவாசிக் குடிகளுக்காக 1997 வாக்கில் தொடங்கிய ஏகாத்யாபக வித்யாலயங்கள். ஒரே ஆசிரியர், ஒரே கூரை, நாலு வகுப்பும் அங்கேயே. இருளர், முதுவர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழுக்கு நெருங்கிய பேச்சு. அதிலிருந்து மலையாளத்துக்கு ஏற்றிவிட்டது இந்த ஆசிரியர்கள்தான். 2022இல் அரசு இவற்றை மூடிப் பிள்ளைகளைப் பெரிய பள்ளிகளுக்கு மாற்றியது. பெரிய பள்ளியில் வசதி அதிகம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் காட்டுப்பாதையில் ஆறு வயசுப் பிள்ளை எப்படிப் போகும் என்பதற்கு யார் பதில் சொல்வது? ஆசிரியர்கள் சிலருக்குக் கிடைத்த மாற்றுவேலை, பள்ளிக்கூடம் பெருக்குவது.

அட்டப்பாடியிலிருந்து ஒரு டீச்சரம்மா வருஷா வருஷம் என் கடைக்கு வருவார். தட்டு, டம்ளர், ஒரு கரண்டி. “அண்ணாச்சி, போன வருஷத்தைவிட ரெண்டு தட்டு கூட வேணும்” என்பார். அந்த வருஷம் ரெண்டு பிள்ளை கூடச் சேர்ந்திருக்கு என்று அர்த்தம். மூடிய பிறகு ஒரு நாள் வந்தார், எதுவும் வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். இடது பக்கம் பிள்ளைகள் சொன்ன இருளச் சொல், வலது பக்கம் மலையாளம். ஓரத்தில் எந்தப் பிள்ளை சொன்னது என்று பெயர். இதை எங்கே கொடுப்பது என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. நோட்டு உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லி, ஜெராக்ஸ் எடுத்துப் பைண்டு பண்ணிக் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கடைப்பக்கம் வந்தால் கேளுங்கள், எடுத்துத் தருகிறேன். மலைப்பள்ளிகளில் வேலை பார்த்தவர்கள் நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் இது மாதிரி இன்னும் என்னென்ன கிடக்கிறதோ, இந்த ஓணம் லீவுக்குள் ஒரு தடவை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.