நீலக்கண் டிராகனும் நாற்பது சீட்டும்

பெரும் பலம் படைத்த ஒருவனைப் படைக்குத் தலைவனாக்கியதனால் மட்டும் வெற்றி கிட்டிவிடுவதில்லை. அவன் களத்துக்கு வர வழி வகுப்போரும், வந்தபின் அவனைக் காப்போரும், வீழ்ந்தால் மீட்டெடுப்போரும் உடனிருத்தல் வேண்டும். இவ்வுண்மையைப் போர் வரலாறுகளிற் கற்பார் பலர். இக்காலத்து இளைஞர் பலரோ மேசைமீது பரப்பப்படும் வண்ணச் சீட்டுகளிலிருந்து அதனைக் கற்கின்றனர். யப்பானிலே தோன்றி உலகெங்கும் பரவிய 'யூ-கி-ஓ' என்னும் சீட்டு விளையாட்டில், பழம்பெரும் அரக்கச் சீட்டொன்றைச் சுற்றி ஒரு கட்டினை அமைக்கும் முறையைச் சற்று ஆராய்வோம்.

சாதாரணக் கடதாசி விளையாட்டில் 52 சீட்டுகள் கொண்ட ஒரே கட்டு எல்லோருக்கும் பொதுவானது. சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகளில் அவ்வாறன்று. ஆயிரக்கணக்கான சீட்டுகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றுள் தமக்கு வேண்டியவற்றைத் தெரிந்து, ஒவ்வோர் ஆட்டக்காரரும் தமக்கென ஒரு கட்டினை அமைத்துக்கொண்டு வருவர். இத்தகைய விளையாட்டுகளுக்கு வழிகாட்டியாய் அமைந்தது, கணித அறிஞரான ரிச்சர்ட் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர் ஆக்கி 1993 இல் வெளிவந்த 'மெஜிக்: த கதரிங்' ஆகும். யூ-கி-ஓவின் கதையோ, கசுக்கி தக்காஹாஷி என்னும் ஓவியர் 1996 ஆம் ஆண்டிலிருந்து ஒரு சிறுவர் வார இதழில் வரைந்து வந்த சித்திரத் தொடரிலே தொடங்குகிறது. கொனாமி என்னும் நிறுவனம் 1999 இல் யப்பானிலும், 2002 இல் வட அமெரிக்காவிலும் அதனைச் சீட்டு விளையாட்டாக வெளியிட்டது. 2009 ஆம் ஆண்டளவில் விற்பனையான சீட்டுகளின் தொகை 2,200 கோடிக்கு மேற்பட்டதெனக் கின்னஸ் நிறுவனம் பதிவு செய்தது.

அச்சித்திரக் கதையிலே தனிப்பெருமை பெற்ற சீட்டு, 'புளூ-ஐஸ் வைட் டிராகன்' எனப்படும் நீலக்கண் வெள்ளை டிராகன். கதையின்படி உலகில் அச்சீட்டுகள் நான்கு மட்டுமே உண்டு. மூன்றினைத் தன்வசம் வைத்திருந்த கைபா என்னும் செல்வந்த இளைஞன், நான்காவது தனக்கு எதிராகப் பயன்படலாகாது என்று அதனைக் கிழித்தெறிகின்றான். இக்கதையைக் கண்டு வளர்ந்த சிறுவருக்கு அச்சீட்டின்மீது பெரும் மோகம் ஏற்பட்டதில் வியப்பில்லை. அதன் தாக்கு வலிமை 3000, காப்பு வலிமை 2500. ஆட்டக்காரர் ஒருவர் 8000 உயிர்ப்புள்ளிகளோடு ஆட்டத்தைத் தொடங்குகிறார் என்பதை நோக்கின், தடையின்றி மூன்று முறை தாக்கினால் எதிராளியை வீழ்த்தவல்லது இவ்வரக்கன் என்பது விளங்கும்.

இத்துணை வலிமை வாய்ந்த சீட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் தோற்றது எங்ஙனம்? விடை விதிகளிலே இருக்கின்றது. அரக்கர்களுக்குப் படிகள் வகுக்கப்பட்டுள்ளன. நான்காம் படி வரையுள்ளோரை நேரே களத்துக்கு அழைக்கலாம். ஐந்தாம், ஆறாம் படியினருக்குக் களத்திலுள்ள ஓர் அரக்கனையும், ஏழாம் படியும் அதற்கு மேலும் உள்ளோருக்கு இரண்டு அரக்கர்களையும் பலியிடல் வேண்டும். நீலக்கண் டிராகன் எட்டாம் படியைச் சேர்ந்தது. ஒரு முறைக்கு ஒருவரையே இவ்விதம் சாதாரணமாக அழைக்கலாம் என்பது மற்றொரு விதி. ஆகவே முதல் முறையில் ஒரு சிறியவன், அடுத்த முறையில் இன்னொருவன், மூன்றாம் முறையில் இருவரையும் பலிகொடுத்து டிராகன் என்று காத்திருக்க வேண்டும். இவ்வாறு மூன்று சீட்டுகளைச் செலவிட்டு நிறுத்திய ஒன்றினை, எதிராளி 'டார்க் ஹோல்' போன்ற ஒரே மந்திரச் சீட்டினால் அழித்துவிடலாம். மூன்றுக்கு ஒன்று என்ற இந்த நட்டக் கணக்கே பழைய டிராகனின் குறை.

ஆண்டுகள் செல்லச் செல்ல இக்குறை பெரிதாயிற்று. 2008 இலும், 2011 இலும், 2014 இலும், 2017 இலும் புதிய அழைப்பு முறைகள் விளையாட்டிலே புகுத்தப்பட்டன. புதிய அரக்கர்கள் ஒரே முறையில் நாலைந்து பேராகக் களத்தில் நிறைந்தனர். சிறு வயதில் ஆசையோடு சேர்த்த டிராகன் சீட்டு, பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் பொருளாக மாறியது.

இந்நிலையை மாற்றுவதற்கு நிறுவனம் கையாண்ட வழி கவனிக்கத்தக்கது. பழைய சீட்டின் எழுத்தையோ எண்ணையோ அது மாற்றவில்லை. அதனைப் பெயர் குறித்துத் தாங்கும் துணைச் சீட்டுகளைப் புதிதாக வெளியிட்டது. அவ்வகையிற் பெரிய வரவு 2016 இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு புளோரிடா மாநிலத்து ஒர்லாண்டோ நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில், நீலக்கண் டிராகன் கட்டினைக் கொண்டே யப்பானிய ஆட்டக்காரர் ஒருவர் வெற்றிவாகை சூடினார். யப்பானில் முதன்முதல் வெளிவந்து 17 ஆண்டுகள் கடந்த ஒரு சீட்டு, உலக வெற்றியாளரின் கட்டுக்கு நடுநாயகமாய் விளங்கியது.

அத்துணைச் சீட்டுகள் செய்வது என்ன? ஒவ்வொன்றும் பழைய டிராகனின் ஒரு குறையைத் தீர்க்கின்றது. 'புளூ-ஐஸ் ஒல்டர்நேட்டிவ் வைட் டிராகன்' என்னும் மாற்று டிராகனும் 3000 வலிமையுடையதே. ஆனால் அதற்குப் பலி வேண்டா. கையிலுள்ள பழைய நீலக்கண் டிராகனை எதிராளிக்குக் காட்டினாற் போதும், களத்துக்கு வந்துவிடும். வந்தபின், அம்முறை தான் தாக்காதிருக்க உடன்பட்டு, எதிராளியின் அரக்கன் ஒருவனை அழிக்கவும் வல்லது. கையில் முடங்கிக் கிடந்த பழைய சீட்டு இதனால் ஒரு திறவுகோலாகி விடுகின்றது. 'ட்ரேட்-இன்' என்னும் மந்திரச் சீட்டு, எட்டாம் படி அரக்கன் ஒன்றைக் கழித்து இரண்டு புதிய சீட்டுகளை எடுக்க இடமளிக்கின்றது. 'த மெலடி ஒப் அவேக்கனிங் டிராகன்' என்பது, ஏதேனும் ஒரு சீட்டைக் கழித்தால், 3000 அல்லது அதற்கு மேற்பட்ட தாக்கு வலிமையும் 2500 க்கு மேற்படாத காப்பு வலிமையும் உடைய டிராகன்கள் இரண்டினைக் கட்டிலிருந்து தேடித் தருகின்றது. பழைய டிராகனும் மாற்று டிராகனும் இவ்வளவுக்கு அடங்குவன. 'த வைட் ஸ்டோன் ஒப் ஏன்ஷன்ட்ஸ்' என்னும் தொல்கல், மயானம் எனப்படும் கழிவுக் குவியலுக்குச் சென்ற அதே முறையின் முடிவில், நீலக்கண் இனத்து அரக்கன் ஒன்றைக் கட்டிலிருந்து நேரே களத்துக்கு அழைக்கின்றது. 'சேஜ் வித் ஐஸ் ஒப் புளூ' என்னும் முனிவர், களத்துக்கு அழைக்கப்பட்டதும் அக்கல்லைக் கட்டிலிருந்து கைக்குக் கொணர்கிறார்.

இவை ஒன்றோடொன்று இணையும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். தொடக்கக் கையிலே மெலடிச் சீட்டும் தொல்கல்லும் உள்ளன என்று கொள்வோம். மெலடிக்கு விலையாகக் கல்லைக் கழித்தால், பழைய டிராகனும் மாற்று டிராகனும் கைக்கு வரும். முன்னதைக் காட்டிப் பின்னதைக் களத்தில் இறக்கலாம். முறை முடியும்போது மயானத்திலுள்ள கல், இன்னொரு பழைய டிராகனைக் கட்டிலிருந்து அழைக்கும். இரண்டே சீட்டுகளைச் செலவிட்டு, பலி எதுவுமின்றி, 3000 வலிமையுடைய இருவரைக் களத்தில் நிறுத்தியாயிற்று. கையிலும் ஒரு டிராகன் எஞ்சியிருக்கின்றது. மூன்றுக்கு ஒன்று என்றிருந்த கணக்கு, இரண்டுக்கு மூன்று என மாறிவிட்டது.

இனிக் கட்டினை அமைக்கும் முறைக்கு வருவோம். முதன்மைக் கட்டில் 40 முதல் 60 சீட்டுகள் வரை இருக்கலாம். ஒரே சீட்டில் மூன்று பிரதிகளுக்கு மேல் ஆகா. தொடக்கத்தில் கைக்கு வருவன ஐந்து சீட்டுகள். புதிதாகத் தொடங்குவோர், சீட்டுகள் கூடக்கூடப் பலமும் கூடும் என்று எண்ணி 60 சீட்டுகளையும் நிரப்பிவிடுவதுண்டு. கணக்கு வேறு விதமாகப் பேசுகின்றது. 40 சீட்டுக் கட்டில் மூன்று பிரதிகள் உள்ள ஒரு சீட்டு, தொடக்கக் கையில் ஒன்றாவது வருவதற்குரிய வாய்ப்பு 100 இல் ஏறத்தாழ 34. 60 சீட்டுக் கட்டிலோ அது 23 ஆகக் குறைகின்றது. வேண்டிய சீட்டை விரைவிற் காண விரும்புவோர் கட்டினைச் சுருக்குதல் நலம்.

இன்னொரு கணக்கும் நோக்கற்பாலது. பழைய டிராகன் மூன்று, மாற்று டிராகன் மூன்று எனக் கட்டிலே இட்டாலும், இரண்டும் ஒருங்கே தொடக்கக் கையில் அமையும் வாய்ப்பு 100 இல் 10 அளவே. மெலடிச் சீட்டு மூன்றினைச் சேர்த்துவிட்டால், இரண்டும் நேரே வந்தோ தேடப்பட்டோ கையிற் சேரும் வாய்ப்பு 41 ஆக உயர்கின்றது. டிராகனின் வலிமையில் ஓர் எண்ணும் கூடவில்லை. தேடித் தரும் துணை ஒன்று வந்ததனால் வாய்ப்பு நான்கு மடங்காயிற்று.

40 சீட்டில் ஐந்து கைக்கு வருவதால், கட்டிலுள்ள ஒவ்வோர் எட்டுச் சீட்டுக்கும் கையில் சராசரி ஓர் இடம் உண்டு எனக் கொள்ளலாம். இதனை அளவுகோலாக்கிக் கட்டினைப் பங்கிடுதல் எளிது. பெரிய டிராகன்களுக்கு எட்டு இடம்: பழையது மூன்று, மாற்று மூன்று, எதிராளியின் மந்திரச் சீட்டையோ பொறிச் சீட்டையோ அகற்றவல்ல 'டிராகன் ஸ்பிரிட் ஒப் வைட்' இரண்டு. முனிவருக்கும் கற்களுக்கும் எட்டு இடம். தேடுவதற்கும் மாற்றி எடுப்பதற்குமான மந்திரங்களுக்கு எட்டு இடம். எஞ்சிய 16 இடங்கள், வீழ்ந்த டிராகனை மீட்பதற்கும், எதிராளியைத் தடுப்பதற்கும், தம்மைக் காப்பதற்குமானவை. இப்பங்கீட்டில், தொடக்கக் கை பெரும்பாலும் ஒரு பெரியவர், ஒரு சிறியவர், ஒரு தேடுபவர், இரு காவலர் என்ற அமைப்பை ஒட்டி வரும். டிராகன்மேற் கொண்ட ஆசையால் பெரியவர்களை 16 ஆகப் பெருக்கினால், கையில் இருவர் மூவராய்க் குவிந்து, அழைப்பாரின்றி வீணே கிடப்பர்.

எதனைச் சேர்ப்பது என்பதினும் எதனை விடுப்பது என்பதே கடினமான பகுதி. கதையிலே புகழ்பெற்ற கரிய மந்திரவாதியும் செங்கண் டிராகனும் தத்தமக்குரிய துணைச் சீட்டுகளைப் பெற்றுள்ளனர். மூவரையும் ஒரே கட்டில் காணும் விருப்பம் இயல்பானதே. ஆயினும் ஒருவருடைய துணை மற்றவருக்கு உதவாது. நீலக்கண் இனத்தைத் தேடும் கல், மந்திரவாதியைக் கண்டும் காணாதது போலிருக்கும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்னும் பழமொழிக்கு இத்தகைய கட்டு நல்ல சான்று.

பணம் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். இச்சீட்டுகளிற் பெரும்பாலானவை உள்ளிருப்பது இன்னதென்று தெரியாத மூடிய உறைகளில் விற்கப்படுகின்றன. வேண்டிய சீட்டுக்காக உறைமேல் உறையாக வாங்குதல் பரிசுச் சீட்டு வாங்குவதை ஒத்தது. அதற்கு மாறாக, உள்ளடக்கம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஆயத்தக் கட்டுகளும் உண்டு. நீலக்கண் டிராகனுக்குப் புதிய துணைகளைக் கொண்ட அத்தகைய கட்டொன்று 2024 இல் யப்பானிலும், 2025 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஒரு சீட்டுக்கு மூன்று பிரதிகள் வரை இடமிருப்பதால், அதே கட்டில் மூன்றினை வாங்கி ஒன்றாக்கிச் செப்பனிடுவது ஆட்டக்காரர் பலரின் வழக்கம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற முதுமொழியை அறிந்த பெற்றோர், பிள்ளைகளுக்கு இவ்வழியைக் காட்டுதல் தகும்.

புதிய துணை வந்துவிட்டதனால் பழைய டிராகன் என்றென்றும் வெல்லும் என்று கருதுதலும் தவறாகும். தடை செய்யப்பட்ட, எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட சீட்டுகளின் பட்டியல் காலந்தோறும் மாற்றப்படுகின்றது. 2016 இல் வென்ற கட்டு இன்றைய வேகத்துக்கு ஈடுகொடாது. மேலும், பழைய நினைவுகளுக்கு உயிரூட்டுவது நிறுவனத்துக்கு நல்ல வியாபாரமுமாகும்; சிறுவராயிருந்து விளையாடியோர் இன்று சம்பாதிப்போராய் மீண்டும் கடைக்கு வருகின்றனர். இவையனைத்தையும் அறிந்துகொண்டே ஒருவர் தமக்குப் பிடித்த டிராகனைக் கையில் எடுக்கலாம், அதனாற் குறையேதுமில்லை.

அங்ஙனம் எடுப்பவர் தமது கட்டிலுள்ள ஒவ்வொரு சீட்டிடமும் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: நீலக்கண் டிராகனைக் களத்துக்குக் கொணர்கிறாயா, காக்கிறாயா, மீட்கிறாயா, அன்றி அதன் எதிரியைத் தடுக்கிறாயா? இந்நான்கில் ஒன்றுக்கும் விடை தராத சீட்டு எத்துணை அழகாயினும், எத்துணை அரிதாயினும், அதற்குரிய இடம் சேகரிப்புப் பெட்டியே. இவ்வினாவுக்கு விடை தரும் 40 சீட்டுகள் சேர்ந்துவிட்டால், முன்னர் தனித்து நின்று தோற்ற அந்த டிராகன், பழைய 3000 வலிமையோடேயே மீண்டும் களம் காணும்.